கல் நாட்டாத கல்லறை

சகோதரிகளே, சென்ற கோடையில் மலையடிவாரத்து மகாராஜபுரத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு திண்ணையில், சபையைச் சேர்ந்த ஓர் அம்மாள் குழந்தைகளுக்குக் கதை சொல்லி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆள் சேர்க்கத்தானே இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மாள் கோபிக்கவில்லை. "டோனாவூர் போய்ப் பாருங்கள்" என்றார்.

போனேன். அதே மலையோரமாகத் தெற்கே, திருநெல்வேலி ஜில்லாவில் இருக்கிறது அந்த ஊர். அயர்லாந்திலிருந்து 1895-இல் இந்தியாவுக்குப் பிரசங்கிக்க வந்தவர் ஆமி கார்மைக்கேல். 1901-இல், கோயிலுக்கு விடப்படவிருந்த ஒரு சிறுமி அவரிடம் ஓடிவந்தாள். பிறகு இன்னும் பல குழந்தைகள். ஊர் ஊராகச் சுற்றியவர், தொட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். 1951-இல் கண் மூடும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவேயில்லை.

அவர் கல்லறைக்குக் கல் நாட்டவில்லை, அவரே வேண்டாமென்றாராம். பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டி. அதில் தாயைக் குறிக்கும் ஒரே சொல்.

குழந்தையை வரவேற்பது தம்மையே வரவேற்பதாகும் என்பது இயேசுவின் போதனை. அப்படியானால் திண்ணைக்கு வரும் குழந்தை, கணக்கில் ஏறும் தலையா, வீட்டுக்கு வந்த விருந்தாளியா?

காய்ச்சல் கண்ட இரவிலும் அதன் பக்கத்தில் விழித்திருப்பவர் கொடுத்தால்தான் அந்த மிட்டாய்க்கு அர்த்தமுண்டு. திண்ணையில் நான் கேட்ட கேள்வியை நினைத்து, அந்தத் தொட்டியருகே வெட்கப்பட்டேன்.