ஒரு லெவல் வார்லாக்

"மாமா, அடுத்த லெவல் பாலடின் வேணாம். வார்லாக் ஒண்ணு போட்டுக்கறேன்."

அக்கா மகன் இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை. மறுநாள் சாயங்காலம் ஆட்டம். மூன்று வருஷமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். நான் டிஎம். கதையை நடத்துவது, அரக்கனுக்கும் அரசனுக்கும் சத்திரக்காரனுக்கும் குரல் கொடுப்பது என் வேலை. மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு பாத்திரம்.

ஆடாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கிளாஸ் உண்டு. வீரன், மந்திரவாதி, திருடன் என்று. தொழில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆட ஆட லெவல் ஏறும், 20 வரைக்கும். ஏறும்போது அதே தொழிலில் மேலே போகலாம். இல்லையென்றால் இன்னொரு தொழிலின் ஒன்றாம் லெவலில் போய் உட்காரலாம். இதுதான் மல்டிகிளாஸ். பாலடின் என்பவன் ஒரு சத்தியம் செய்து, அந்தச் சத்தியத்திலிருந்தே பலம் பெறும் வீரன். வார்லாக், ஏதோ ஓர் அமானுஷ்ய சக்தியோடு ஒப்பந்தம் போட்டுப் பலத்தை வாங்கியவன். ஒரே ஆள் இரண்டுமாக இருப்பது, கோயில் தர்மகர்த்தா யாருக்கும் தெரியாமல் கந்துவட்டிக்கு வாங்கின மாதிரி.

"எதுக்குடா?" என்று கேட்டேன். கதை சொல்வான் என்று பார்த்தால் கணக்கு சொன்னான். நாங்கள் ஆடுவது 2014ஆம் வருஷத்துப் புத்தகத்தை வைத்து. 2017இல் வந்த துணைப் புத்தகம் ஒன்றில் ஹெக்ஸ்பிளேடு என்று வார்லாக்குக்கு ஒரு பிரிவு இருக்கிறது. அதில் ஒரே ஒரு லெவல் எடுத்தால் போதும், வாள் வீச உடல்பலத்துக்குப் பதில் கரிஸ்மா என்ற ஆளுமைத் திறனைக் கணக்கில் கொள்ளலாம். பாலடினின் மந்திரத்துக்கும் கரிஸ்மாதான். ஆக, ஒரு எண்ணை ஏற்றினால் எல்லாம் ஏறும். எதிரியின் அடியைத் தடுக்க நல்ல மந்திரம் ஒன்று இலவச இணைப்பு.

"சரி, கதை?"

"கனவுல ஒரு வாள் வந்துச்சுன்னு வெச்சுக்கலாம் மாமா."

எனக்கு வந்த எரிச்சலை எழுதினால் நீளும். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் கேமில் பழகிவிட்டு மேசைக்கு வந்தவன். அதில் விதர்ஸ் என்றொரு எலும்புக்கிழவர் கூடாரத்தில் நிற்பார். நூறு பொற்காசு கொடுத்தால் போதும், உங்கள் தொழிலை அடியோடு மாற்றித் தருவார். காலையில் பாலடின், மத்தியானம் திருடன், ராத்திரி பாடகன். அந்த உலகத்தில் அதற்குப் பெயர் வசதி.

ஆரம்பத்தில் இது இவ்வளவு மலிவாக இல்லை. 1974இல் ஆட்டம் வெளிவந்தபோது தொழிலே மூன்றுதான். 1978இல் கேரி கைகாக்ஸ் எழுதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் எல்ஃப், டுவார்ஃப் போன்றவர்கள் இரண்டு மூன்று தொழிலைச் சேர்த்தே நடத்தலாம். லெவல் ஏறுவதற்காகக் கிடைக்கிற அனுபவப் புள்ளியைப் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும். மனிதர்களுக்கு வேறு சட்டம். பழைய தொழிலுக்கு உரிய முக்கியத் திறன் 15க்குக் குறையக் கூடாது, புதுத் தொழிலுக்கு உரியது 17க்குக் குறையக் கூடாது. அதையும் தாண்டி மாறிவிட்டால் ஒன்றாம் லெவலிலிருந்து தொடங்க வேண்டும். புதுத் தொழிலின் லெவல் பழையதை மிஞ்சும் வரைக்கும் பழைய வித்தையைத் தொடாமல் இருக்க வேண்டும். மந்திரவாதியான வீரன் ஆபத்தில் வாளை உருவினானோ, அந்தச் சாகசம் முழுவதற்கும் அவனுக்கு அனுபவப் புள்ளி இல்லை. (அதே புத்தகத்தில் பார்ட், அதாவது நம் பாணன், ஆக வேண்டுமென்றால் முதலில் வீரனாக ஐந்து லெவலாவது ஏறி, பிறகு திருடனாகக் காலம் தள்ளி, அதற்கப்புறம்தான் பாட்டு. யாரோ இசைக்கலைஞர்கள்மேல் கோபத்தில் எழுதியிருக்க வேண்டும்.)

கைகாக்ஸே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1970இல் அந்த வேலை போனது. விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் செருப்பு தைத்து வீட்டை ஓட்டினார். அந்தச் சட்டத்தை எழுதும்போது அதெல்லாம் நினைவில் இருந்ததா என்று சொல்வதற்கில்லை. ஆனால் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருபவர் பெரியப்பா.

பெரியப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று, முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் வங்கியில் கிளார்க் ஆனவர். நாற்பது வயதில், இருபத்திரண்டு வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து லெட்ஜர் எழுதக் கற்றுக்கொண்டார். ஒரு பென்ஷன் நாள், கவுண்டரில் தள்ளுமுள்ளு. இவர் எழுந்து பரேடு மைதானத்துக் குரலில் ஒரு அதட்டல் போட்டிருக்கிறார். கிளையே உறைந்துவிட்டது. மேனேஜர் உள்ளே கூப்பிட்டு, "இது பாரக்ஸ் இல்ல சார்" என்றாராம். வீட்டுக்கு வந்த பெரியப்பா, "இனிமே இந்தத் தொண்டையைப் பூட்டித்தான் வெக்கணும்" என்றார். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஹெட் கேஷியராக இருந்தபோது கூட்டம் கட்டுக்கடங்காமல் போனால் அடுத்து வந்த மேனேஜரே, "சார், நீங்க ஒரு குரல் கொடுங்க" என்று கேட்பாராம். 1978ஆம் வருஷச் சட்டம் எழுத்துப் பிசகாமல் எங்கள் குடும்பத்தில் நடந்திருக்கிறது.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தப் பூட்டைக் கழற்றிவிட்டது. எந்த லெவலிலும் எந்தத் தொழிலும் எடுக்கலாம். லெவல்கள் ரொம்ப ஏறுக்குமாறாக இருந்தால் அனுபவப் புள்ளியில் 20 சதவீதம் பிடித்தம், அவ்வளவுதான். 2014இல் அந்தப் பிடித்தமும் இல்லை. இரண்டு தொழிலின் முக்கியத் திறனும் 13 இருந்தால் சரி. 2024ஆம் வருஷப் புத்தகத்தில் ஒரு வேடிக்கை. வார்லாக்குக்குப் பலம் ஒன்றாம் லெவலிலேயே வந்துவிடுகிறது. அதைக் கொடுத்தது யார் என்று முடிவு செய்வது மூன்றாம் லெவலில். பணம் முதலில், பத்திரத்தில் பெயர் அப்புறம்.

அதற்காகப் பலத்துக்கு ஆசைப்படுகிறவன் கதைக்கு எதிரி, கதைக்காக மாறுகிறவர் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் மேசையிலேயே என் அலுவலகத் தோழி ஒருவர் பார்பேரியன் என்ற முரட்டு வீரன் பாத்திரம் ஆடினார். மூன்றாம் லெவலில் அவருடைய பாத்திரத்துக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கிழ மந்திரவாதி இறந்துபோனார். அவர் விட்டுப்போன புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு, அடுத்த மூன்று லெவலும் மந்திரவாதியாகவே ஏறினார். எவ்வளவு அழகான கதை! ஆனால் பார்பேரியனுக்கு வெறி ஏறிவிட்டால் மந்திரம் போட முடியாது. ஐந்தாம் லெவலில் அக்கா மகன் ஒரே முறையில் இரண்டு தடவை வெட்டினான். இன்னொருவர் நெருப்புக்கோளம் வீசினார். இவருக்கு இரண்டும் இல்லை. சண்டை வந்தால் ஓரமாக நின்று ஒரு அடி அடித்துவிட்டு, போனைப் பார்க்க ஆரம்பித்தார். ஆறே மாதத்தில், "வேற கேரக்டர் எடுத்துக்கட்டுமா?" என்றார். அந்த அழகான கதை பாதியில் நின்றது. கையாலாகாத பாத்திரத்தால் கதையிலும் ரொம்ப தூரம் நடக்க முடியாது. இது எனக்கு லேட்டாகத்தான் புரிந்தது. அவருக்கு அப்போதே ஒரு நல்ல மந்திரக்கோல் கிடைக்கும்படி செய்திருக்கலாம். அது என் தவறு.

அதனால் பையனிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. "எடுத்துக்கோ. ஆனா அந்த வாள் பேசும்" என்றேன்.

சனிக்கிழமை கனவில் வாள் வந்தது. வேண்டிய பலத்தைக் கொடுத்தது. "நான் யார் என்று எவரிடமும் சொல்லாதே" என்று ஒன்றே ஒன்று கேட்டது. அவன் தலையாட்டினான், கணக்கில் அதற்கு நஷ்டம் எதுவும் இல்லையே. இரண்டு ஆட்டம் கழித்துக் குழு ஒரு மடாலயத்தில் தங்கியது. அவனுக்குச் சத்தியம் செய்துவைத்த கிழ குருவும் அங்கே இருந்தார். அவன் எடுத்திருந்தது டிவோஷன் சத்தியம். பொய் சொல்லக் கூடாது என்பது அதில் ஒரு விதி. குரு சும்மா கேட்டார்: "புது வாளா தம்பி? எங்கே கிடைத்தது?"

பையன் கேரக்டர் ஷீட்டைப் பார்த்தான். அதில் இதற்குப் பதில் இல்லை. பகடையைக் கையில் எடுத்துவிட்டு வைத்தான். "மாமா, ரோல் பண்ணணுமா?" என்று கேட்டான். "வேண்டாம், சொல்லு போதும்" என்றேன். மேசையில் யாரும் பேசவில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, கரண்ட் போச்சா?" என்றாள்.

"சந்தையில வாங்கினேன் சாமி" என்றான் கடைசியில். குரு நம்பிவிட்டார். நம்பாமல் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்று வருஷத்தில் நான் திட்டம் போட்டுச் செய்த எந்தத் திருப்பமும் அந்த ஒரு வரிக்குச் சமமில்லை. அவன் கணக்குப் போடாமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

வார்லாக் இரண்டாம் லெவல் எடுத்தால் இன்னும் நல்ல வசதிகள் வரும் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதற்கப்புறம் இரண்டு முறை லெவல் ஏறிவிட்டான். ஷீட்டில் இன்றைக்கு இருப்பது: பாலடின் 8, வார்லாக் 1.