ரானடேயும் ஒரு காகாவும்

பிம்ப்ரி ஸ்டேஷன். லோனாவாலா லோக்கல் வழக்கம்போல லேட்டு.

கையில ஆர்.டி. ரானடேயோட 'மிஸ்டிசிசம் இன் மகாராஷ்டிரா'. 1933ல வந்த புத்தகம்.
மனுஷன் ஞானேஸ்வர்லேர்ந்து ராமதாசர் வரைக்கும் ஒவ்வொரு ஞானியோட அனுபவத்தையும் வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை பண்றார்.
பெர்குசன் காலேஜ்ல தத்துவ வாத்தியாரா இருந்தவர்.
ஆனா அவரே பாவுசாகேப் மகராஜ்ங்கற குருகிட்ட நாம தீட்சை வாங்கினவர்!

நான் பென்சிலால கோடு போட்டுக்கிட்டே இருக்கேன்.
பக்கத்துல துளசி மாலை போட்ட ஒரு காகா, அதாவது பெரியவர், எட்டிப் பார்த்துட்டு மராத்தியில கேட்டார்: "தேஹு போயிருக்கியா?"

துகாராம் ஊரு. இதோ இருக்கு.
"படிச்சு முடிச்சுட்டுப் போறேன் காகா"ன்னேன். சிரிச்சுட்டார்.

இந்த அனுபவத்துக்கு உள்ளே இருக்கிறவன் எழுதினா பக்தின்னு தள்ளிடறோம். வெளியே நிக்கிறவனுக்கோ வெறும் கேள்வி ஞானம்.
அப்போ இதையெல்லாம் யார்தான்பா ஆராய்ச்சி பண்றது?