சலவைக் கூடையில் ஒரு கேஸ்

இங்கிலாந்துக்குப் போனவர்கள் லண்டன் பாலத்தையும் ஷேக்ஸ்பியர் வீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நானோ ட்ரோபிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கி, ரோட் என்ற சின்னக் கிராமத்துக்குப் போனேன். கல் வீடுகள், மாதா கோவில், மெதுவாக ஓடும் ஃப்ரோம் ஆறு. கிராமத்தின் ஓரத்தில், மரங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய வீடு. இப்போது அதற்கு வேறு பெயர், யாரோ குடியிருக்கிறார்கள். ஆகவே கேட்டுக்கு வெளியே நின்றே பார்த்தேன்.

1860-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி இரவு, இந்த வீட்டிலிருந்து நான்கு வயது நிரம்பாத ஸேவில் கென்ட் என்ற குழந்தை காணாமற் போயிற்று. விடியற்காலை தொட்டில் காலியாக இருப்பதைத் தாதி பார்த்தாள். தாயார் எடுத்துக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்து மறுபடி படுத்துவிட்டாள். பிறகு தேடினார்கள். தோட்டத்துக் கக்கூஸில், போர்வையோடு, கழுத்து அறுபட்டுக் கிடந்தது குழந்தை. ஹாலின் ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. ஆனால் வெளி ஆள் வந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் குடும்பத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். தகப்பனார் ஸாமுவேல் கென்ட் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர். கிராமத்தாருக்கு அவரைப் பிடிக்காது. மூத்த மனைவி சித்தப் பிரமை உள்ளவள் என்று பெயர். அவள் உயிரோடு இருந்தபோதே குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வந்த பெண்தான், அவள் 1852-ல் இறந்ததும் எஜமானியானாள். இளையாள் குழந்தைகளுக்கு ஒரு நியாயம், மூத்தாள் குழந்தைகளுக்கு ஒரு நியாயம்! நம் பாட்டிமார்களுக்குத் தெரியாத கதையா இது?

மூத்தாள் பெண் கான்ஸ்டன்ஸ், பன்னிரண்டு வயதில் தலைமயிரைக் கத்தரித்து, பையன் உடுப்புப் போட்டு, தம்பி வில்லியமையும் அழைத்துக்கொண்டு கப்பலில் வேலை தேடிப் புறப்பட்டாள். பாத் நகரம் வரை நடந்தே போய் அகப்பட்டுக்கொண்டார்கள். வெட்டிய மயிரை அவள் எங்கே போட்டாள் தெரியுமா? அதே தோட்டத்துக் கக்கூஸில்.

உள்ளூர்ப் போலீஸார் குழப்பியடித்தார்கள். சமையலறை அடுப்புக்குள் கிடைத்த ரத்தக் கறைத் துணியைக்கூட மூடி மறைத்துப் பிறகு தொலைத்துவிட்டார்கள்! இரண்டு வாரம் கழித்து ஸ்காட்லண்டு யார்டிலிருந்து ஜானதன் விச்சர் வந்தார். அவர் கண்ணில் பட்டது சலவைக் கணக்கு. பதினாறு வயது கான்ஸ்டன்ஸுக்கு மூன்று இரவு உடுப்புகள். இப்போது இருப்பவை இரண்டு. திங்கட்கிழமை சலவைக் கூடையை அடுக்கும்போது அவள் வந்து, கூடையில் தன் பர்ஸ் இருக்கிறதா பார்க்கச் சொன்னாளாம். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டாளாம். வேலைக்காரி தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், எண்ணி வைத்த ஓர் உடுப்பை உருவியிருப்பாள், பழி சலவைக்காரியின் தலையில் விழும் என்பது விச்சரின் ஊகம். துணி எண்ணிப் போட்டு வாங்கும் எந்தக் குடும்பப் பெண்ணும் இதை ஒப்புக்கொள்வாள். மாஜிஸ்திரேட்டுகள் ஒப்புக்கொள்ளவில்லை. கௌரவமான வீட்டுப் பெண்ணைச் சாதாரணப் போலீஸ்காரர் சந்தேகிப்பதா என்று ஊர் கொதித்தது. பெண்ணை விட்டுவிட்டார்கள். விச்சரின் பெயர் கெட்டது; 1864-ல் ஓய்வு பெற்றார்.

அடுத்த வருஷம் ஏப்ரலில், பிரைட்டன் நகரின் மதப் பெண்கள் மடத்திலிருந்து கான்ஸ்டன்ஸ் தானாகவே லண்டன் கோர்ட்டுக்கு வந்து, "நான்தான் செய்தேன்" என்றாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. தம்பியைக் காப்பாற்றவே சொன்னாள் என்பாரும் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் முழுதும் போகவில்லை. போர்வையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஜன்னல் வழியாக இறங்குவது ஒருவரால் ஆகிற காரியமா? விச்சருக்கே வில்லியம் மேல் ஐயம் இருந்தது.

இருபது வருஷச் சிறைவாசத்துக்குப் பின், 1885-ல் விடுதலை. அடுத்த வருஷம் ஆஸ்திரேலியா. தம்பி வில்லியம் அங்கே கடல் ஆராய்ச்சியாளர். பவளத் திட்டைப் பற்றி 1893-ல் பெரிய நூல் வெளியிட்டவர். இங்கிலாந்தில் உள்ள அவர் கல்லறை மேலும் பவளங்களைத்தான் வைத்தார்கள். அக்காளோ ரூத் எமிலி கே என்ற பெயரில் நர்ஸ் வேலை கற்று, மெல்போர்னில் டைபாய்டு நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, நர்ஸ்களுக்கே தலைவியாக இருந்தார். 1944-ல் நூறாவது பிறந்த நாளும் வந்தது. சிட்னியில் அந்த மூதாட்டியைப் பழைய நர்ஸ் என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். ரோட் கிராமத்து வீட்டை அங்கே யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில் காலமானார்.

கேட்டருகே நெடு நேரம் நின்றுவிட்டேன். உள்ளே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.