கரண்ட் போனாலும் நிற்காத பாடம்

யாங்கூனில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் மொழி கற்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, "எது நல்ல மொழி?" என்பதல்ல. "நெட் இல்லாதப்போ எது ஓடும்?" என்பதுதான்.

2021 மார்ச் நடுவில் இங்கே மொபைல் டேட்டாவையே நிறுத்தினார்கள். பிறகு நெட் திரும்பியது. ஆனால் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் லேப்டாப் ஓடும். தெருவில் இருக்கிற ஃபைபர் பெட்டிக்கு யார் இன்வெர்ட்டர் வைப்பது?

என் அக்கா மகனுக்குப் பதினாறு வயசு. பள்ளிப் படிப்பு பலமுறை தடைபட்டவன். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் படிக்கணும் என்று ஆசை. "மாமா, ஃபங்ஷனல் புரோகிராமிங் சொல்லிக் குடுங்க" என்றான்.

பள்ளிக் கணக்கில் வரும் சார்பு மாதிரிதான் அது. ஒரே உள்ளீடு கொடுத்தால் எப்போதும் ஒரே விடை. நடுவில் எந்த மதிப்பும் ரகசியமாக மாறாது. இந்த வகையில் பிரபலமானது 1990-இல் வந்த ஹாஸ்கெல். எனக்கும் பிடித்த மொழிதான். ஆனால் அதன் கருவிகள் வட்டில் ஜிபி கணக்கில் இடம் கேட்கும். கூடுதல் நூலகம் வேண்டும் என்றால் மறுபடி நெட்டுக்குப் போகணும். பிழைச் செய்திகளும் புதியவரைக் கொஞ்சம் மிரட்டும்.

அதனால் ராக்கெட் மொழியை எடுத்தோம். ஒரே இன்ஸ்டாலரில் மொழி, டாக்டர்ராக்கெட் என்கிற எடிட்டர், உதவிக் குறிப்புகள் எல்லாம் வந்துவிடும். ஆரம்ப மாணவருக்கென்றே சுருக்கிய மொழி ஒன்று அதில் உண்டு. பிழைச் செய்திகளும் அவர்களுக்குப் புரிகிற மாதிரி இருக்கும். கூடப் படிக்க 'ஹவ் டு டிசைன் புரோகிராம்ஸ்'. 2001-இல் வந்த புத்தகம். 2018-இல் வந்த இரண்டாம் பதிப்பை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். நெட் நன்றாக இருந்த ஒரு ராத்திரி பக்கங்களைச் சேமித்து வைத்துக்கொண்டோம்.

முதல் பயிற்சியாக மளிகைப் பட்டியலைக் கூட்டச் சொன்னேன். "பட்டியல் காலி என்றால் விடை பூஜ்யம். இல்லையென்றால் முதல் பொருளின் விலையோடு மீதிப் பட்டியலின் கூட்டுத்தொகையைச் சேர்." இவ்வளவுதான். லூப்பே கிடையாது. ஸ்டெப்பர் பட்டனை அழுத்தினால், நோட்டில் கணக்குப் போடுகிற மாதிரி ஒவ்வொரு படியும் திரையில் விரியும். "அட, அதுவே அதைக் கூப்பிடுதே மாமா!" என்றான். அன்றைக்குக் கரண்ட் போனதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

அவன் நாளைக்கு ஹாஸ்கெல் படிக்கலாம், ஸ்காலாவும் படிக்கலாம். இந்த யோசனை முறை எதற்கும் உதவும். அதனால் ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: ஒரு மொழி, ஒரு புத்தகம், ஒரு எடிட்டர் போதும். பத்து வீடியோவைத் தேடி வைப்பதைவிட, பத்துப் பயிற்சியைச் சொந்தமாக முடிப்பது மேல்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கம் வரும்போது பிள்ளைகளுக்குச் சாக்லேட்டோடு ஒரு பென்டிரைவும் கொண்டு வாங்க. இன்ஸ்டாலரையும் புத்தகத்தையும் அதில் போட்டுக் கொடுங்க. ஒரு பிள்ளையிடம் கொடுத்தால் போதும். தெருவில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.