ஒழுகினசேரிக்காரர்

காமெடியன்னா யாரு? ஹீரோவுக்கு நண்பனா வந்து, நாலு அடி வாங்கி, பாட்டு வர்றதுக்கு முன்னாடி காணாமப் போறவர். தமிழ் சினிமாவில் இந்த இலக்கணத்துக்கு ரொம்ப முன்னாடியே, அதை உடைச்ச ஒருத்தர் இருந்தார்.

என்.எஸ்.கிருஷ்ணன். 'என்' நாகர்கோவில், 'எஸ்' அப்பா சுடலைமுத்து. 1908 நவம்பர் 29-ல் ஒழுகினசேரியில் பிறந்தார். அப்போ அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. படிப்பு ஆரம்பப் பள்ளியோட சரி. மிச்சத்தைக் கத்துக்கொடுத்தது வில்லுப்பாட்டும் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபாவும்தான்.

நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு பார்த்தவங்களுக்கு ஒண்ணு தெரியும். புலவர் கதை சொல்லுவார், பக்கத்துல இருக்கிறவர் 'ஆமா' போடுவார். நடுவில் எடக்கா ஒரு கேள்வியும் கேட்பார். சிரிப்பு அங்கதான் பிறக்கும். கிருஷ்ணன் - மதுரம் ஜோடியின் காட்சிகளைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க, அதே அமைப்புதான். இவர் அளப்பார், அந்தம்மா மடக்குவாங்க. இந்தியாவின் சாப்ளின்னு இவரைச் சொல்றது வழக்கம். ஆனா சாப்ளினின் பலம் உடம்பு, இவரோட பலம் பேச்சு. அதனால அந்தப் பட்டம் அவ்வளவா பொருந்தலை.

1936-ல் வந்த 'சதிலீலாவதி'யில் எம்.ஜி.ஆரும் இவரும் இருந்தாங்க. அதுக்கப்புறம் தன் காமெடிப் பகுதியைத் தானே எழுதி, தனியா எடுத்து, படத்தோட சேர்க்கிற பழக்கம் வந்தது. ஒரே படத்துக்குள்ள ஒரு குட்டிப்படம். கதை எதுவானாலும் குட்டிப்படத்தில் மூடநம்பிக்கையும் குடியும் சாதியும் அடி வாங்கும். யாரையும் புண்படுத்தாமலே!

அப்புறம் வந்தது 1944. லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. டிசம்பரில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானாங்க, 1945-ல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், வழக்கு மறுபடி சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் ரெண்டு பேரும் விடுதலை. ரெண்டு வருஷத்துக்கு மேல ஜெயில்!

வெளியில வந்த பாகவதரால பழைய இடத்தைப் பிடிக்கவே முடியலை. 1959-ல் இறந்துபோனார். கிருஷ்ணன் மட்டும் எப்படி எழுந்தார்? பாகவதரின் குரலும் அழகும் ஒரு காலத்தோட அலங்காரம், அந்தக் காலம் 1947-க்குள்ள மாறிப்போச்சு. கிருஷ்ணனின் சரக்குக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இது ஒரு காரணம். இன்னொண்ணு, அதைவிடப் பெரிசு: டி.ஏ.மதுரம். கணவர் சிறையில் இருந்தப்ப எஸ்.வி.சகஸ்ரநாமத்தைத் துணைக்கு வெச்சு நாடக சபாவை நடத்தினாங்க. அவங்க போட்ட 'பைத்தியக்காரன்' நாடகம் 1947-ல் படமாச்சு. விடுதலையானவர் நேரா வந்து நிக்க ஒரு இடம் தயாரா இருந்தது.

1949-ல் 'நல்லதம்பி', எழுதினது அண்ணா. அதில் வர்ற 'கிந்தனார்' காலட்சேபம் இன்னிக்கும் பார்க்கலாம். நந்தனார் சிதம்பரம் போகணும்னு ஏங்கினார். இந்தக் கிந்தனுக்கு வேண்டியது படிப்பு. கதாகாலட்சேபத்தின் அதே மெட்டு, அதே பாவனை, உள்ளே மட்டும் வேற விஷயம். இவ்வளவு சாமர்த்தியமான கேலி தமிழில் குறைவு. 'மணமகள்' (1951), 'பணம்' (1952) படங்களை இயக்கவும் செஞ்சார்.

சம்பாதிச்சதில் கையில் தங்கினது கொஞ்சம்தான், கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தார். 1957 ஆகஸ்ட் 30-ல் இறந்தப்ப வயசு 48. கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோட சேர்ந்து அப்போ ஒரு வருஷம்கூட ஆகலை.

நல்ல நாள்ல ஒழுகினசேரியில் அவர் கட்டின வீட்டுக்கு வெச்ச பேரு 'மதுர பவனம்'.