சிவப்பதற்கு முன்

புரட்டாசியில் ஒரு நாள். காலை ஏழு மணிக்கு மூலனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்றிருந்தேன். கிளுவை வேலிக்குள் வரிசை வரிசையாகக் கம்பி கட்டியிருந்தார்கள். இலை நுனியே சுருண்டு பிடிமானமாகி, கொடிகள் கம்பியில் இடுப்புயரம் ஏறியிருந்தன. நடுவே ஆறு பெண்கள் குனிந்து நின்றார்கள். யாரும் நிமிரவில்லை.

நமக்கு இது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவது. அந்தத் தோட்டத்தில் நான் இருந்த நான்கு மணி நேரத்தில் அந்தப் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. எல்லோர் வாயிலும் ‘கண்வலி’தான். கண்வலிக் கிழங்கு என்பதன் சுருக்கம். பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்த பெயர் என்பார்கள். பொழுதெல்லாம் அதை உற்றுப் பார்ப்பதே தொழிலாக இருப்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்காவின் பின்னாலேயே நடந்தேன். தலைகீழாகத் தொங்கும் பூவில் ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கியிருக்கின்றன. கீழே ஆறு மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாக மடங்கி, அவற்றை விட்டு ஒதுங்கிப் பக்கவாட்டில் நீள்கிறது. தன் தூள் தன்மேல் படாதிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு. பூச்சியை மட்டும் நம்பினால் காய் குறையும். அதனால்தான் விரல்கள் வருகின்றன. அக்கா ஒரு பூவிலிருந்து மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்து, அடுத்த கொடியின் பூவில் சூல்முனையை இரண்டு விரலால் தாங்கி, அதன்மேல் மெல்லத் தடவினார். அழுத்தவில்லை. அடுத்த பூ. அதற்கடுத்த பூ. ஒரு பூவுக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

“வெயில் ஏறிட்டா தூள் நிக்காதுங்க தம்பி. மழை பேஞ்சுட்டா அன்னைக்கு வேலையே இல்லீங்க” என்றார்.

நன்றாகச் சிவந்து தீயாய் நின்ற ஒரு பூவைக் காட்டி, “இதை விட்டுட்டீங்களே அக்கா” என்றேன்.

“அது முந்தியே தொட்ட பூவுங்க. பச்சையும் மஞ்சளுமா இருக்கறப்பவே தொட்டுரோணும். செவந்துட்டா நமக்கு அதுல சோலி இல்லீங்க” என்று இதழை ஒதுக்கினார். உள்ளே பச்சையாய்ச் சிறு காய் திரண்டிருந்தது.

இந்தப் பூ பச்சையில் தொடங்கி, மஞ்சளாகி, கடைசியில்தான் சிவக்கும். ஆக, புலவர் பெயர் வைத்தது வேலை முடிந்த பூவுக்கு. அதை அறிந்த பிறகு செங்காந்தள் என்ற சொல்லை என்னால் பழையபடி சொல்ல முடியவில்லை.

மற்றப் பெயர்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் நின்று கவனித்த இடம். கிழங்கு கவட்டையாய் வளைந்திருப்பதைத் தோண்டியவர்கள் கலப்பைக் கிழங்கு என்றார்கள். வடமொழியின் ‘லாங்கலி’யிலும் அதே கலப்பைதான் இருக்கிறது. இலை நுனியைப் பார்த்தவர்கள் தலைச்சுருளி என்றார்கள். பூக்கும் மாதத்தைக் கொண்டு கார்த்திகைப்பூ; ஈழத்தில் அந்தப் பெயருக்கு வேறொரு கனமும் உண்டு. மலையாளத்தில் மேந்தோன்னி, இந்தியில் கலிஹாரி, சிங்களத்தில் நியங்கலா. இலங்கையில் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. பெயர் தெரிவது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட காரியம்.

செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் மிகுதி. அந்த நஞ்சின் பெயர் கோல்சிசின். 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்தியேவும் கவாந்துவும் ஐரோப்பியச் செடியான கோல்சிகத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். நம் கொடியின் விதையிலும் அது உண்டு. யூரிக் அமிலம் மூட்டில் படிந்து கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்கிற வாதத்துக்கு இன்றும் கொடுக்கும் மருந்து. தசைப்பிடிப்புக்கு எழுதித் தரும் தயோகோல்சிகோசைடுக்கும் மூலம் இந்த வகைச் செடிகளே. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களிலும் கிழக்கே வேதாரண்யத்திலும் விளையும் விதை ஆலைகளுக்கும் கடல் கடந்தும் போகிறது.

விலை மட்டும் விளைவிப்பவர் கையில் இல்லை. வாங்குகிற வியாபாரிகள் சிலர். அவர்கள் சொல்வதே விலை. அரசே விலை நிர்ணயித்துக் கொள்முதல் செய்ய வேண்டும் என்று இங்குள்ள உழவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். தோட்டக்காரர் வீட்டு அறையில் போன பருவத்து விதை மூட்டைகள் அப்படியே கிடந்தன. “வித்தாலும் நட்டம், வெச்சிருந்தாலும் நட்டமுங்க” என்றார். மாநில மலர் என்று சிறப்பிக்கத் தெரிந்த நமக்கு, அதன் விதைக்கு ஓர் அடிப்படை விலை வைக்கத் தெரியவில்லை. இதைச் சொல்லாமல் அந்தப் பூவின் அழகைப் பற்றி மட்டும் எழுதிப்போக எனக்கு மனம் வரவில்லை.

பத்தரைக்கு வேலை நின்றது. அக்கா தொட்டியடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். நகக்கண்ணில் மஞ்சள் தூள் இருந்தது. ஒரு குச்சியால் அதை நோண்டி எடுத்துவிட்டு மறுபடியும் சோப்புப் போட்டார். பிறகு கையை மோந்து பார்த்தார். மூன்றாம் தடவையும் கழுவிவிட்டுத்தான் தூக்குப்போசியைத் திறந்தார்.