எலி பிடிக்கும் பூனைகளும் எண் கற்கும் பிள்ளைகளும்

ஆள்கள் சுவர் எழுப்புவதும் குழாய்கள் தொட்டியை நிரப்புவதுமான பாடநூற் கணக்குகளைவிடப் பூனைகள் வேலை பார்க்கும் கணக்குகளே பிள்ளைகளுக்கு இனிக்கின்றன என்பது நம் பட்டறிவு. கல்லங்குறிச்சியோ உழவர் வாழும் ஊர். விளைச்சலில் ஒரு பங்கைக் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குக் காணிக்கையாக்குவோர் பலர். தானியத்தை எலி என்ன செய்யும் என்று இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பூனைக் கணக்கு தொன்மை மிக்கது. ஏறத்தாழ கி.மு. 1550இல் எகிப்திய எழுத்தர் ஆமெஸ் படியெடுத்த பாப்பிரஸ் ஏட்டின் 79ஆம் கணக்கில் 7 வீடுகள், 49 பூனைகள், 343 எலிகள், 2,401 கதிர்கள், 16,807 அளவு தானியம் என அடுக்கு வளர்கிறது. மொத்தம் 19,607. வீட்டையும் பூனையையும் எவ்வாறு கூட்டினாரோ, அவருக்கே வெளிச்சம்! பூனைகள் எலிகளைத் தின்றதால் பிழைத்த தானியம் அது என்று அறிஞர் பொருள் கொள்வர். அவ்வாறாயின் பூனை ஒன்றுக்கு 343 அளவு மிச்சம். கூலியோ ஒரு கிண்ணம் பாலும் இராது. 2,401 என எழுத வேண்டிய இடத்தில் ஆமெஸ் 2,301 என எழுதிவிட்டார். அவர் ஏட்டில் சிவப்பு மையால் கோடிட்டவர் எவருமிலர்.

நம் தமிழிலும் இத்தகைய விளையாட்டுக்குக் குறைவில்லை. காரிநாயனாரின் கணக்கதிகாரம், பலாவின் காம்பைச் சுற்றியுள்ள முள்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளைகளை அறியச் சொல்கிறது.

ஆலிஸ் கதை எழுதிய லூயிஸ் கரோல் 1880இல் எடுத்துக்கொண்ட கணக்கு இது: 6 பூனைகள் 6 எலிகளை 6 நிமிடத்தில் கொன்றால், 100 எலிகளை 50 நிமிடத்தில் கொல்ல எத்தனை பூனைகள் வேண்டும்? விகித முறைப்படி விடை 12.

இதையொத்த கணக்கு ஒன்றுக்கு 13 என எழுதிய ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, சிவப்புக் கோடிட்ட விடைத்தாளுடன் நம் திண்ணைக்கு வந்தாள். "எனக்குக் கணக்கு வராதுங்க ஐயா" என்றாள். 13 எப்படி வந்தது என்றோம். "ஒரு பூனை ஒரு எலியப் பிடிக்க ஆறு நிமிஷம். அம்பது நிமிஷத்துல எட்டுதான் பிடிக்கும். பன்னிரண்டு பூனைக்குத் தொண்ணூத்தாறு. மிச்சம் நாலு எலிய யார் பிடிப்பா?"

கரோல் எழுப்பிய ஐயமும் இதுவே. 48 நிமிடத்தில் 96 எலிகள் மடிந்தபின் எஞ்சுவது 2 நிமிடம். ஆறு பூனைகளும் ஒருசேர ஓர் எலியை நிமிடத்திற்கு ஒன்றாகக் கொன்றாலோ, மும்மூன்றாகச் சேர்ந்து இரண்டு நிமிடத்திற்கு ஒன்றாகக் கொன்றாலோ 12 போதும். இரண்டிரண்டாக வேலை செய்தால் 14 வேண்டும். தனித்தனியே வேட்டையாடினால் அவள் சொன்ன 13தான். கணக்கோ இவற்றுள் எதுவென்று கூறவில்லை. பூனைகள் கூடி வேட்டையாடுவதை நம் ஊரில் கண்டாரும் இலர்!

நான்கு விடைகளையும் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தோம். அவள் மும்முறை சரிபார்த்தாள். பின்னர்த் தானே ஒரு கணக்கு விடுத்தாள்: "எங்க வீட்டுப் பூனை மூணு குட்டி போட்டிருக்கு. குட்டிங்க எலி பிடிக்காது. ஆனா தாய் பிடிக்கிறதுல பங்கு கேக்கும். இப்ப எத்தன பூனைன்னு எழுதணும் ஐயா?"